ஒரு கேள்வியோடு ஒரு கோடை



பிரிட்டனில் கோடை விடுமுறைக்குப் பள்ளிகள் மூடிவிட்டன. பன்னிரண்டாம் ஆண்டை முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த ஆறு வாரமும் விடுமுறையாகத் தெரிவதில்லை. செப்டம்பரில் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான யூகாஸ் படிவம் நிரப்ப வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் நடுவிலேயே கெடு முடிந்துவிடும். ஆகவே இந்த மாதம் எங்களுக்கு வந்த கடிதங்களில் பலவும் இதைப் பற்றியே பேசுவதில் வியப்பில்லை. அவற்றில் ஒன்றை முன்வைத்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

வட லண்டனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் கணிதமும் கணினியியலும் சேர்ந்த பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். பரதநாட்டிய அரங்கேற்றம் முடித்திருக்கிறாள், பியானோவில் ஆறாம் நிலை தேறியிருக்கிறாள், ட்யூக் ஆஃப் எடின்பரோ விருதில் வெள்ளி வாங்கியிருக்கிறாள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவுகிறாள், இணையத்தில் ஒரு கோடிங் வகுப்புக்கும் போகிறாள். "இன்னும் என்ன சேர்த்தால் விண்ணப்பம் பலமாகும்?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

சகோதரி, இனி எதையும் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் பதில். பட்டியலை நீட்டுவதால் பயனில்லை. கணிதமும் கணினியும் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, இந்தக் கோடை முழுக்க அதோடு இருக்க உங்கள் மகளுக்கு இடம் கொடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் வேறொரு முறையில் வளர்ந்தவர்கள். இலங்கையில் உயர்தரப் பரீட்சையும் இசட் புள்ளியும்தான் பல்கலைக்கழகத்தின் கதவு. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு கட்-ஆஃப் மதிப்பெண். அங்கெல்லாம் பிள்ளை பாடத்துக்கு வெளியே என்ன படித்தாள், என்ன யோசித்தாள் என்று யாரும் கேட்டதில்லை. இந்த நாட்டுக்கு வந்தபின், மதிப்பெண்ணுக்கு மேலும் ஏதோ கேட்கிறார்கள் என்று காதில் விழுந்தது. அந்த "ஏதோ" என்ன என்பது மட்டும் சரியாக வந்து சேரவில்லை. ஆகவே நடனம், நீச்சல், பியானோ, தொண்டு என்று கைக்கு எட்டியதையெல்லாம் பிள்ளைகளின் தோளில் ஏற்றினோம். நல்ல நோக்கத்தோடுதான் ஏற்றினோம்.

ஆனால் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தங்கள் தேர்வு படிப்புத் திறனை வைத்தே நடக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. கணிதத் துறையில் விண்ணப்பம் படிக்கும் பேராசிரியருக்கு அரங்கேற்றம் ஒரு நல்ல செய்தி, அவ்வளவே. அவர் தேடுவது, பள்ளிப் பாடத்துக்கு அப்பால் அதே பாடத்தை ஒட்டிப் பிள்ளை தானாகப் போன தூரத்தை. பள்ளிகள் இதைத்தான் 'சூப்பர் கரிகுலர்' என்கின்றன. படித்த புத்தகம், போட்ட கணக்கு, எழுதிய நிரல், கேட்ட விரிவுரை எல்லாம் இதில் அடங்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படிப்புகளில் இடம் கிடைப்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஏ-லெவல் மதிப்பெண்களும் நுழைவுத் தேர்வுமே. விண்ணப்பத்தில் எழுதும் செயல்பாடுகளின் எடை அவற்றைவிடக் குறைவு. அப்படியானால் எதற்கு இவ்வளவு பேச்சு? சரியாகத் தேர்ந்தெடுத்த ஒரு செயல்பாடு நுழைவுத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் தேவையான அதே தசையைத்தான் வலுப்படுத்துகிறது. படிவத்தில் இரண்டு வரியாக வருவது அதன் சின்னப் பயன்.

கணிதமும் கணினியும் ஒன்றாகப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஒரு தனி நல்வாய்ப்பும் உண்டு, ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் கணினியியலும் சேர்ந்த பட்டம் இருக்கிறது, இம்பீரியலிலும் இருக்கிறது, வாரிக்கில் டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் என்ற பெயரில் நெருங்கிய ஒன்று இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பல பிள்ளைகள் இரண்டு பாதி விண்ணப்பங்களை ஒட்டி அனுப்புகிறார்கள். ஒரு பத்தியில் கணிதப் போட்டி, அடுத்த பத்தியில் ஒரு செயலி செய்த கதை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே பதிலே கிடையாது.

பதில் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று லண்டனிலேயே நடந்தது. அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இங்கிலாந்து வந்த அவர், 1828இல் இன்று யூ.சி.எல். என்று நாம் அழைக்கும் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியரானார். ஏ-லெவல் கணினியியல் படிக்கும் பிள்ளைகள் பூலியன் இயற்கணிதத்தில் சுருக்கிப் பழகும் டி மார்கன் விதிகள் அவருடையவை. ஏடா லவ்லேஸுக்குக் கடிதம் மூலம் கணிதம் கற்பித்தவரும் அவரே.

1852இல் ஃபிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்தின் கவுன்டிகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லையைப் பகிரும் இரண்டு கவுன்டிகளுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது. நான்கு வண்ணமே போதுமாக இருந்தது. எந்த வரைபடத்துக்கும் நான்கு போதுமா? டி மார்கனின் வகுப்பில் அப்போது படித்துக்கொண்டிருந்த தம்பியிடம் கேட்டார். தம்பி ஆசிரியரிடம் கேட்டார். டி மார்கனுக்கும் விடை தெரியவில்லை. அன்றே டப்ளினில் இருந்த கணிதவியலாளர் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதினார். விடை வர 1976 ஆயிற்று. இலினாய் பல்கலைக்கழகத்தில் அப்பெல், ஹாக்கென் என்ற இரு கணிதவியலாளர்கள் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கணினியை ஓடவிட்டு நிரூபித்தார்கள். மனிதர் யாரும் முழுதும் கையால் சரிபார்க்க முடியாத ஒன்றை நிரூபணம் என்று ஏற்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. 2005இல் கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் கோந்தியே, அந்தத் தேற்றத்துக்கான நிரூபணம் ஒன்றின் ஒவ்வொரு படியையும் இன்னொரு கணினி நிரலைக் கொண்டே சரிபார்த்துக் காட்டினார்.

கணிதத்தையும் கணினியையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்டால், நான் இந்தக் கதையைத்தான் காட்டுவேன். கத்ரி வண்ணம் தீட்டியது எந்தப் படிவத்துக்காகவும் அல்ல என்பதையும் கவனியுங்கள்.

சரி, பதினேழு வயதுப் பிள்ளை எதை எடுத்துக்கொள்வது? ஒரு உதாரணத்தைக் கடைசிவரை நடத்திக் காட்டுகிறேன். கணக்கில் பயம் உள்ள பெற்றோரும் கூடவே வரலாம், கூட்டலும் பெருக்கலும்தான்.

ஏதாவது ஒரு நேர்ம முழு எண். இரட்டை என்றால் பாதியாக்கு. ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. இதையே திரும்பத் திரும்பச் செய். 6 என்று தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1. எங்கே தொடங்கினாலும் கடைசியில் 1 வந்துவிடும் என்பது லோதார் கோலட்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரில் வழங்கும் ஊகம். 1937இலிருந்து பேசப்படுகிறது, இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

இதை பைத்தானில் எழுதப் பத்து வரி போதும். 27ஐக் கொடுத்தால் பிள்ளைக்கு முதல் அதிர்ச்சி கிடைக்கும். அது 9232 வரை ஏறி, 111 படிகள் அலைந்துதான் 1க்கு இறங்கும். பத்து லட்சத்துக்குள் மிக நீண்ட பயணம் எதற்கு என்று தேடினால் 837799 என்று வரும், 524 படிகள். இந்த இடத்தில் நிரல் மெதுவாக ஓடுவது தெரியும். ஏற்கெனவே கணக்கிட்ட எண்களின் விடையை நினைவில் வைத்துக்கொண்டால் வேகம் கூடும் என்று தானே கண்டுபிடிப்பாள். அப்போது நினைவகம் எவ்வளவு தேவைப்படும், எதை வைத்து எதை விடுவது என்ற கேள்விகள் வரும். அதுவே கணினியியல்.

பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. எண்கள் ஏன் இறங்குகின்றன? ஒற்றை எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் கட்டாயம் இரட்டை எண் வரும். ஒருமுறையாவது பாதியாகும். அரைப்பங்கு வாய்ப்பில் ஒரே ஒரு முறை, கால் பங்கில் இருமுறை, அரைக்கால் பங்கில் மும்முறை பாதியாகும். சராசரி இருமுறை. அதாவது ஒரு ஒற்றை எண்ணிலிருந்து அடுத்த ஒற்றை எண்ணுக்குப் போகும்போது ஏறக்குறைய மூன்றால் பெருக்கி நான்கால் வகுக்கிறோம். முக்கால் மடங்காகச் சுருங்குகிறது. ஆகவே கீழே வந்தாக வேண்டும் என்று தோன்றும்.

நிரூபித்துவிட்டோமா? இப்போது அதே நிரலுக்கு எதிர்ம எண்களைக் கொடுக்கச் சொல்லுங்கள். மைனஸ் 5இல் தொடங்கினால் மைனஸ் 14, மைனஸ் 7, மைனஸ் 20, மைனஸ் 10, மறுபடி மைனஸ் 5. சுற்றிக்கொண்டே இருக்கும். எதிர்மப் பக்கத்தில் இப்படி மூன்று தனித்தனிச் சுழல்கள் தெரியவந்திருக்கின்றன. முக்கால் மடங்கு என்ற அதே வாதம் அங்கேயும் அப்படியே பொருந்துகிறதே! அப்படியானால் அந்த வாதம் எண்கள் சுருங்குகின்றன என்று மட்டும்தான் காட்டியது. எங்கே போய்ச் சேரும் என்று காட்டவில்லை. சராசரியாக நடப்பதற்கும் எப்போதும் நடப்பதற்கும் உள்ள தூரத்தைப் பிள்ளை தன் கையாலேயே அளந்துவிட்டாள். 2019இல் கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் இந்த ஊகத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார், அவரும் முழுதாக முடிக்கவில்லை என்று படிக்கும்போது அது அவளுக்கு வெறும் செய்தியாக இருக்காது.

இங்கிருந்து வழி பல திசையில் பிரியும். கோடிக்கணக்கான எண்களுக்குக் கணினியில் சரிபார்த்த பிறகும் சந்தேகம் எதற்கு என்று கேட்டால், ஜார்ஜ் போல்யா 1919இல் முன்வைத்த ஓர் ஊகத்தைப் பார்க்கச் சொல்வேன். பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பது பற்றியது. தொண்ணூறு கோடி வரை சரியாகவே நடந்து, 906150257இல் முதன்முறையாக உடைகிறது. அதைப் பிடிக்கக் கணினி வேண்டியிருந்தது. அது எங்கோ உடையும் என்று தேடிப் போகக் கணிதம் வேண்டியிருந்தது.

கோலட்ஸ்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் இதைப் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் கோலட்ஸையே எழுதினால் நான் கெடுதல் செய்தவனாவேன். ப்ராஜெக்ட் ஆய்லர் என்ற தளத்தில் 2001 முதல் நூற்றுக்கணக்கான கணக்குகள் இலவசமாகக் கிடக்கின்றன. முதல் சில கணக்குகளைச் சும்மா நிரல் ஓட்டியே முடிக்கலாம். போகப் போக, கணிதம் யோசிக்காவிட்டால் நிரல் ஓடி முடியவே முடியாது. நிரூபணத்தில் ருசி கண்ட பிள்ளைக்கு, இம்பீரியல் பேராசிரியர் கெவின் பஸ்ஸார்டும் அவரது குழுவினரும் உருவாக்கிய நேச்சுரல் நம்பர் கேம் என்ற விளையாட்டைச் சொல்வேன். இரண்டும் இரண்டும் நான்கு என்பதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் லீன் என்ற மொழியில் கணினிக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். கொஞ்சம்கூட ஏமாற்ற முடியாது. கோந்தியே செய்தது எந்த வகை வேலை என்பது விளையாடிப் பார்த்தால் விளங்கும். இந்தக் கூட்டுப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான இலவச வாசல் ஒன்று எனக்குத் தெரியாது.

போட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூ.கே.எம்.டி. என்ற அமைப்பு நடத்தும் சீனியர் சேலஞ்ச் கணிதப் போட்டியில் 90 நிமிடத்தில் 25 கேள்விகள், பள்ளி வழியாகத்தான் எழுத முடியும். ஆகவே பள்ளி பதிவு செய்கிறதா என்று செப்டம்பர் முதல் வாரத்திலேயே கேளுங்கள். மாணவியருக்கென்று தனிக் கணித ஒலிம்பியாடும் உண்டு. பிரிட்டிஷ் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடின் முதல் சுற்றில் மூன்று மணி நேரத்துக்கு மூன்றே கேள்விகள், பழைய தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பதக்கம் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. பரிசு வாங்காத ஒரு கணக்கைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை நேர்காணலில் திணறுவதில்லை.

நுழைவுத் தேர்வில் மட்டும் கவனக்குறைவு கூடாது. கேம்பிரிட்ஜ் கணினியியல் கேட்கும் டி.எம்.யு.ஏ. தேர்வில் இரண்டு தாள், தலா 75 நிமிடம், தலா 20 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது. இரண்டாம் தாளில் தர்க்கத்துக்கும் நிரூபணத்துக்கும்தான் முக்கியத்துவம். எந்தத் துறைக்கு எந்தத் தேர்வு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அண்ணன் எழுதியதையே தங்கையும் எழுத வேண்டும் என்று நம்பிவிடாமல், இந்த ஆண்டுக்கான பல்கலைக்கழகப் பக்கத்தைப் பாருங்கள். பதிவுக் கெடு வழக்கமாக யூகாஸ் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு நெடுங்காலம் நடத்திய மேட் என்ற கணித நுழைவுத் தேர்வின் பழைய தாள்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைக்கும் நல்ல பயிற்சி. பின்பகுதியில் கணினி மாணவர்களுக்கென்றே வைத்த கேள்விகளுக்கு நிரலாக்கம் தெரிந்திருக்கத் தேவையில்லை, பொறுமையாக யோசிக்கத் தெரிந்தால் போதும். கேம்பிரிட்ஜ் கணிதத் துறை கேட்கும் ஸ்டெப் தேர்வுக்கு ஸ்டீபன் சிக்லோஸ் எழுதிய புத்தகமும் இலவசமாகவே கிடைக்கிறது.

இலவசம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பவுண்ட் கட்டணம் வாங்கிக்கொண்டு "ஆய்வுப் பயிற்சி", "கோடை முகாம்" நடத்துபவர்களின் விளம்பரங்கள் நம் குடும்பங்களின் கைபேசிகளை நிறைக்கின்றன. ஒரு முகாம் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றின் அறைகளில் நடப்பதாலேயே அதற்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக்கும் தொடர்பு உண்டாகிவிடாது. கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன், என் மனம் மிகவும் நொந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு ஆக்ஸ்ஃபோர்டே நடத்தும் யூனிக் திட்டமும், சட்டன் டிரஸ்டின் கோடைப் பள்ளிகளும் இலவசம். பதினோராம் ஆண்டை முடித்துப் பன்னிரண்டாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் அவற்றின் விண்ணப்பக் காலத்தை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி படிவம். 2026 சேர்க்கையிலிருந்து, பிள்ளை தன்னைப் பற்றி அதில் எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட் ஒரே கட்டுரையாக இல்லை, மூன்று கேள்விகளாக வருகிறது. ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்தாய். மொத்தம் 4000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. "சிறு வயதிலிருந்தே எனக்குக் கணிதத்தில் தீராத ஆர்வம்" என்ற வரியை எத்தனையோ பிள்ளைகள் எழுதுகிறார்கள், அதில் அந்தப் பிள்ளை எங்கும் தென்படுவதில்லை. "எதிர்ம எண்களைக் கொடுத்தபோது என் நிரல் நிற்கவே இல்லை. பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுக்க வரி வரியாகத் தேடினேன். பிழை நிரலில் இல்லை, நான் உண்மை என்று நம்பிய வாதத்தில் இருந்தது" என்று எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆக்ஸ்ஃபோர்டில் டிசம்பர் நேர்காணலில் அதிலிருந்தே ஒரு கேள்வி வரக்கூடும். உண்மையில் செய்தவளுக்கு அந்தக் கேள்வி ஒரு விருந்து.

தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேதி போட்டு, முயன்றதை, தவறியதை, அடுத்து எழுந்த கேள்வியை எழுதுங்கள். செப்டம்பரில் அதை உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்களுக்கான பரிந்துரையைப் பள்ளிதான் எழுதப் போகிறது. ஆசிரியருக்குத் தெரியாத எதுவும் அதில் வராது. கூச்சப்படாமல் காட்டுங்கள். ஏ-லெவலில் கணினியியல் எடுக்கவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கும் இதே வழிதான். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, கணிதத்தைத்தான் கேட்கின்றன. பள்ளியில் ஃபர்தர் மேத்ஸ் இருந்தால் மட்டும் விடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை மேசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒன்றும் எழுதாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து "படிக்கவில்லையா?" என்று கேட்காதீர்கள். அவள் அப்போது செய்துகொண்டிருப்பதைத்தான் அந்தப் பல்கலைக்கழகங்கள் தேடுகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சான்றிதழ்களை இரவுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள். கணக்கு உங்களுக்குப் புரியாவிட்டாலும், "இன்றைக்கு எங்கே மாட்டிக்கொண்டாய்? எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். அம்மாவுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல முடிந்த கணக்கை நேர்காணலில் ஆங்கிலத்தில் சொல்வது அவளுக்குக் கஷ்டமாக இருக்காது.

வட லண்டன் சகோதரிக்கு இன்னொன்று. உங்கள் மகள் நாட்டியத்தை விட்டுவிட வேண்டாம். சனிக்கிழமைப் பள்ளிச் சிறுவர்களையும் விட வேண்டாம். அவை அவளுடைய வாழ்க்கை. படிவத்தில் அவற்றுக்கு ஒரு வரி கிடைத்தால் போதும். கோடிங் வகுப்பு மட்டும் அவளுக்கே பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்த நேரம் நோட்டுப் புத்தகத்துக்குப் போகட்டும்.

கடந்த ஆண்டுகளில் இந்த வழியாகப் போய் இப்போது கணிதமோ கணினியோ படித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எந்தக் கணக்கு உங்களைப் பிடித்துக்கொண்டது, அதோடு எப்படி மல்லாடினீர்கள் என்று தமிழில் ஒரு பக்கம் போதும். ஆங்கிலம் கலந்திருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் திருத்திக்கொள்கிறோம். இந்த மாத இறுதிக்குள் வந்து சேர்பவற்றைச் செப்டம்பர் இதழில், இப்போது விண்ணப்பிக்கும் தங்கைகளும் தம்பிகளும் படிக்கும்படி வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்